மெ. முத்துஹரிணி

ஜூன் 12, புதன்

போன வருடத்துப் பாடக்குறிப்பு நோட்டில் நாற்பது பக்கம் மிச்சம் இருக்கிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை. ஸ்டாஃப் ரூமில் வாய் விட்டுச் சொல்ல முடியாததை எல்லாம் இதில் எழுதலாம் என்று இருக்கிறேன்.

இன்று பள்ளிக்கு வந்த ஆளைப் பார்த்ததும்தான் இந்த யோசனையே வந்தது. வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் வருகிறார், இந்த வருடம் முழுக்க புதன்தோறும் நம் பள்ளிக்குத்தான் என்று ஹெச்.எம். தங்கபுஷ்பம் டீச்சர் சொல்லியிருந்தார். வந்தவர் பிச்சைக்கனி. பதினைந்து வருடத்துக்கு முன்னால் கோவில்பட்டியில் நான் கருத்தாளராக நின்று பயிற்சி கொடுத்தபோது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தவர். மத்தியானம் என்னிடம் வந்து, “டீச்சர், அந்த எண் பாட்ட ஒருக்கா சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்” என்று கேட்டவர். அவர் இப்போது எனக்குப் பயிற்றுநர்.

“நான் ஆய்வுக்கு வரல டீச்சர். மார்க் போடவும் வரல. பின்னால ஒக்காந்து பாப்பேன். பெறகு ரெண்டு பேரும் பேசுவோம், அவ்வளவுதான்” என்றார்.

மூன்று விஷயம் சொன்னார். புதன்கிழமை அவர் வகுப்பைப் பார்ப்பார். வாரத்தில் ஒரு பீரியட் நாங்களே ஒருவர் வகுப்பை ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மணி அடித்த பிறகு எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பிள்ளையின் நோட்டைக் கொண்டுவந்து விரித்து வைக்க வேண்டும். குறை சொல்லக் கூடாது. கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும்.

இருபத்து நாலு வருட சர்வீஸில் என் வகுப்புக்குள் மூன்று அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். மூன்று பேரும் கை தட்டிவிட்டுப் போனார்கள். இவரும் தட்டுவார்.

ஜூன் 14, வெள்ளி

புது மதிப்பெண் நோட்டுக்கு அட்டை போட்டேன். நாலாம் வகுப்பு, இருபத்தாறு பேர். என் சொந்த நோட்டுதானே என்று இனிஷியல் எழுதுவதில்லை, பெயர் மட்டும்தான். மெல்லக் கற்போர் ஒன்பது பேருக்குப் பெயருக்கு முன்னால் பென்சிலால் ‘மெ’ போட்டாயிற்று. ஆய்வுக்கு யாராவது வந்தால் இவர்களை எழுப்பிக் கேள்வி கேட்டுவிடாமல் இருக்க இது ஒரு வசதி. எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான்.

சாயங்காலம் ஒரு கிலோ முருங்கைக்காய் வாங்கினேன். பாதி முற்றல்.

ஜூன் 26, புதன்

என் வகுப்புக்கு வந்தார்.

தமிழ்ப் பாடம் வைத்திருந்தேன். நான் ஒரு வரி வாசிக்க, வகுப்பு முழுக்க ஒரே குரலில் திருப்பி வாசிக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். இன்றும் பிள்ளைகள் என் மானத்தைக் காப்பாற்றினார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது.

முடிந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு தாளை நீட்டினார். என் வகுப்பை மேலிருந்து பார்த்த மாதிரி வரைந்திருந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு வட்டம். தனியாக வாய் திறந்த ஒவ்வொரு தடவைக்கும் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. முன்வரிசையில் நாலு வட்டம் புள்ளியால் நிறைந்து கிடந்தது. மற்றதெல்லாம் ஏறக்குறைய காலி.

“இங்கன வாசல்கிட்ட ஒரு பாப்பா இருந்துச்சே, பாதியில எந்திரிச்சுப் போச்சு?”

“முத்துஹரிணி. மார்க் நோட்டுல கையெழுத்து வாங்க ஹெச்.எம். ரூமுக்கு அனுப்புனேன்.”

“திரும்பி வந்த மாதிரி தெரியலயே.”

“தண்ணிக் குடத்தப் பாக்கச் சொல்லியிருந்தேன்.”

தலையை ஆட்டினார். தாளை மடித்துப் பையில் வைத்தார். குறை சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்.

ஹரிணிக்கு ‘அம்மா’, ‘பட்டம்’ தாண்டி ஒன்றும் வாசிக்க வராது. அப்பா மாடசாமி லாரியில் போகிறவர், அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. வகுப்பில் இல்லாவிட்டாலும் அவளுக்கு நஷ்டம் ஒன்றும் கிடையாது. வேலை சொன்னால் முயல் மாதிரி ஓடுவாள். அவளுக்கும் அதில் சந்தோஷம்தான்.

கை தட்டவில்லை, அந்த மனுஷன்.

ஜூலை 3, புதன்

இன்று ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஜெனிட்டாவைப் பார்க்கப் போனார். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னோடு இருபது நிமிடம்.

ஜூலை 5, வெள்ளி

முதல் நோட்டு மேசை. நான் என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற கவினின் நோட்டைக் கொண்டுபோனேன். முத்து முத்தான கையெழுத்து, ஒரு அடித்தல் கிடையாது. எல்லோரும் “நல்லாருக்கு டீச்சர்” என்றார்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

ஜெனிட்டா கொண்டுவந்ததைப் பார்க்க வேண்டுமே. ஒரு பக்கம் முழுக்கத் தப்பு. “எனக்குப் பின்னம் நடத்தத் தெரியல டீச்சர். மூணு நாளா முட்டுதேன், பிள்ளைகளுக்கு ஏற மாட்டேங்குது. நீங்க எப்படிச் சொல்லித் தருவீங்க?” என்று என்னைப் பார்த்தே கேட்டாள். முப்பத்தொரு வயது, கவுன்சிலிங்கில் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. தெரியாது என்று சபையில் சொல்ல வெட்கமே இல்லை. நான் அந்த வயதில் நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருப்பேன்.

கடலைமிட்டாய்ப் பாளத்தைக் கத்தியால் கோடு போட்டு வைத்திருப்பார்கள் அல்லவா, அதை வைத்து நடத்து என்றேன். பன்னிரண்டு துண்டில் மூன்றைப் பிய்த்தால் கால், நாலைப் பிய்த்தால் மூன்றில் ஒன்று. பிச்சைக்கனி அதைக் குறித்துக்கொண்டார். அவளோடு ஒரு மணி நேரம் பேச என்ன இருந்தது என்று இப்போது புரிகிறது. தெரியாதவளோடுதான் நிறையப் பேச வேண்டியிருக்கும்.

ஜூலை 11, வியாழன்

முறைப்படி ஜெனிட்டாவின் வகுப்பைப் போய்ப் பார்த்தேன்.

சந்தைக்கடை. நாலு நாலு பேராக உட்கார வைத்திருக்கிறாள். ஒருத்தன் எழுந்து இன்னொருத்தனிடம் போய்க் கேட்கிறான், யாரும் அதட்டவில்லை. பின்பெஞ்சில் இருந்த ஒருவன் தப்பாகச் சொன்னான். உடனே திருத்தாமல், “எப்படிக் கண்டுபிடிச்ச, சொல்லு கேப்போம்” என்று அவன் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவன் சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் தானே, “இல்ல மிஸ், மாத்திச் சொல்லிட்டேன்” என்றான். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான்.

என்னைப் பிள்ளைகள் டீச்சர் என்கிறார்கள். அவளை மிஸ் என்கிறார்கள். என்ன வித்தியாசம் என்று தெரியவில்லை, ஆனால் இருக்கிறது.

கரும்பலகையில் ‘கண்டுபிடி’ என்பதில் ண போடவேண்டிய இடத்தில் ன போட்டிருந்தாள். அதைத் தாளில் முதலில் எழுதிக்கொண்டேன். மனதுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

ஜூலை 19, வெள்ளி

என் கடலைமிட்டாய் ஜெனிட்டாவின் வகுப்பில் ஓகோவென்று ஓடியிருக்கிறது. பிச்சைக்கனி அதைப் போனில் வீடியோ படம் பிடித்து வட்டாரம் முழுக்க அனுப்பிவிட்டார். என் யோசனை, அவளுக்குப் பேர்.

இது செண்பகவல்லி டீச்சர் சொல்லிக் கொடுத்தது என்று அந்தப் படத்திலேயே அவள் சொல்கிறாளாம், ஹெச்.எம். சொன்னார். பெருந்தன்மையைக் காட்டிக்கொள்ள அதுவும் ஒரு வழி. நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. இரண்டு தடவைதான் பார்த்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

தலையணை உறை, போர்வை எல்லாம் துவைத்துப் போட்டேன். மாவு ஆட்டினேன். மத்தியானம் சாப்பிடும்போது வீட்டுக்காரர், “செண்பகம், காலையிலருந்து ஜெனிட்டா ஜெனிட்டானு எத்தன தடவ சொல்லிட்ட தெரியுமா? பதினாலு. நான் எண்ணிட்டுதான் வாரேன்” என்றார்.

“நீங்க மின்வாரியத்துல ரீடிங் எடுத்து எடுத்து எல்லாத்தையும் எண்ணுறதே பொழப்பாப் போச்சு” என்றேன்.

“காதுல பொக வருது ஒனக்கு.”

வருகிறதுதான். நான் இல்லை என்று சொல்லவில்லையே.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று முதல் தினமும் முதல் ஒரு மணி நேரம் வகுப்புப் பிரிவு கிடையாது. மூன்று, நாலு, ஐந்து எல்லோரையும் கலந்து, வாசிக்கத் தெரிந்த அளவை வைத்துக் குழு. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, புத்தகத்தில் இல்லாத ஒரு புதுப் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம்.

புத்தகத்தில் இல்லாத பத்தி என்றதும் என் வகுப்பில் பதினோரு பேர் விழித்தார்கள். ஒரே குரலில் கணீரென்று வாசிக்கிற அதே பிள்ளைகள்தான். கவின்கூட இரண்டு இடத்தில் தடுமாறினான். புதுத் தாளைக் கண்டு பயந்திருப்பார்கள்.

எழுத்துக் கூட்டத் தெரியாத குழு ஜெனிட்டாவுக்கு, அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். சரளமாக வாசிக்கிற குழு எனக்கு. கௌரவம்தான். என் மெ ஒன்பது பேரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். போகும்போது ஹரிணி மதிப்பெண் நோட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு, “இத இனிமே யாரு டீச்சர் கொண்டு போவா?” என்று கேட்டாள்.

“நீ முதல்ல படிக்கப் போ” என்றேன். தினமும் முதல் மணி நேரம்தானே கையெழுத்து வாங்கும் நேரம். நானே போய் வாங்கி வந்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். எல்லாம் கேட்கிறது.

இன்று எட்டுத் தடவை சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்பு ஹரிணியுடையது என்று தெரிந்தது. போன வருடமும் இந்த இரண்டு மாதமும் என் பார்வையில் இருந்த பிள்ளை, அவள் இப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. என் பக்கம் பிள்ளைகள் ஒழுங்காக, சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒழுங்கு எனக்கே அலுப்பாக இருந்தது.

வீட்டுக்காரர் சொன்னது சரி. எண்ணுவது ஒட்டிக்கொள்கிற நோய் போல.

ஆகஸ்ட் 21, புதன்

இன்டர்வலில் ஜெனிட்டா, “டீச்சர், ஒங்ககிட்ட தனியா ஒரு விஷயம்” என்று வந்தாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன். தலைவலி இல்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நோட்டு மேசையில் ஒன்று கவனித்தேன். தன் குழுவில் எல்லாப் பிள்ளைகளின் நோட்டையும் வாரத்துக்கு நாலைந்தாகக் காட்டிவிட்டாள் ஜெனிட்டா, ஹரிணியுடையதைத் தவிர. “ஹரிணி எப்படி இருக்கா?” என்று ஹெச்.எம். கேட்டதற்கு, “பரவால்ல டீச்சர், அடுத்த வாரம் பாப்போம்” என்று பேச்சை மாற்றினாள்.

எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஹரிணிக்கு ஒன்றும் ஏறவில்லை. என் கையில் வராத பிள்ளை அவள் கையிலும் வரவில்லை. அதை மறைக்கிறாள்.

இன்று இரவுச் சாப்பாடு ருசியாக இருந்தது. வீட்டுக்காரர்கூட என்ன விசேஷம் என்று கேட்டார்.

ஆகஸ்ட் 28, புதன்

செப்டம்பர் 14 குறுவள மையக் கூட்டம். சுற்று வட்டாரத்து ஒன்பது பள்ளி ஆசிரியர்களும் கூடுவார்கள். நம் பள்ளி செய்ததை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். நன்றாக அமைந்தால் அடுத்த வருடம் வட்டாரம் முழுமைக்கும் அவரே கருத்தாளர் என்று பிச்சைக்கனி சொன்னார். சொல்லிவிட்டு ஜெனிட்டாவைப் பார்த்தார்.

அந்த இடம் என்னுடையது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் மைக் பிடித்து நின்றவள் நான்.

ஜெனிட்டா, “செண்பகவல்லி டீச்சரும் நானும் சேர்ந்து பேசுதோம் சார்” என்றாள். பிச்சை போடுகிறாளா? நான் வரவில்லை, நீயே பேசு என்றேன்.

போகும்போது மறுபடி, “டீச்சர், அஞ்சு நிமிஷம்” என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பிள்ளைகள் கையால் செய்த வாழ்த்து அட்டை கொடுத்தார்கள். என் வகுப்பில் இருபத்தாறு பேர், எனக்கு வந்தது பதினேழு அட்டை. மிச்சம் ஒன்பதும் பக்கத்து அறைக்குப் போயிருக்கிறது.

பதினேழும் கரும்பலகையில் நான் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதியவை. ஒரே வாசகம், ஒரு எழுத்துப்பிழையும் இல்லாத வாசகம்.

செப்டம்பர் 14, சனி

எழுதவே கூடாது என்று நினைத்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

முப்பத்தெட்டு பேர் வந்திருந்தார்கள். ஹெச்.எம். வரவில்லை. ஜெனிட்டா நன்றாகத்தான் பேசினாள். கடலைமிட்டாயையும் சொன்னாள், என் பெயரையும் சொன்னாள். மூன்று பிள்ளைகளின் நோட்டைச் சுற்றில் விட்டாள். எல்லோரும் புரட்டிப் புரட்டிப் பார்த்து, “நம்ம ஸ்கூல்லயும் செய்யலாம்போல இருக்கே” என்று பேசிக்கொண்டார்கள்.

அப்போது அவள் கைப்பையின் வாயில் ஒரு நோட்டு எட்டிப் பார்த்தது. கிளிப் படம் போட்ட தீப்பெட்டி லேபிள் தாளில் அட்டை. ஹரிணியின் அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து எடுத்து வந்து போட்டுக் கொடுத்தது. பள்ளியிலேயே அந்த அட்டை ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் உண்டு. பையிலேயே வைத்திருக்கிறாள் ஜெனிட்டா, பள்ளியில் விட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று.

நான் எழுந்து நின்றேன்.

“எல்லாம் சரி. வந்த பிள்ளைகள மட்டும் காட்டுனா எப்படி? வராத பிள்ளையையும் காட்டணும்ல? முத்துஹரிணி நோட்ட ஜெனிட்டா டீச்சர் இதுவர எங்க யாருக்குமே காட்டல. அது என் வகுப்புப் பிள்ள. இந்தா, பையிலதான் இருக்கு. எடுங்க, பாப்போம்.”

எல்லோரும் அந்தப் பையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெனிட்டாவின் முகம் வெளுத்தது. எனக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று இருந்தது, மறைக்காமல் எழுதுகிறேன்.

“டீச்சர், அது வேண்டாம், பெறகு பேசுவோம்” என்று மெதுவாகச் சொன்னாள்.

“ஏன் வேண்டாம்? கண்ணுல பட்டதச் சொல்லுறதுதானே நம்ம சட்டம்” என்றேன்.

வேறு வழியில்லாமல் எடுத்து பிச்சைக்கனியிடம் கொடுத்தாள். அவர் பிரித்தார். நான் எட்டிப் பார்த்தேன். பக்கம் நிறைய எழுத்து. கோணல்மாணலாக, ஆனால் எழுத்து. ஹரிணியின் எழுத்து.

“மெ. முத்துஹரிணி” என்று தலைப்பில் இருந்ததைச் சத்தமாக வாசித்தார். “அப்பா பேரு என்ன?”

மாடசாமியின் பிள்ளைக்கு அந்த மெ எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“மெய்யழகன் சார்” என்றாள் ஜெனிட்டா. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

“நான் தினமும் டீச்சர் நோட்டைக் கொண்டு போவேன். தண்ணி கொண்டு வருவேன்” என்று முதல் இரண்டு வரியை வாசித்தார். அதற்குப் பிறகு அவர் கண் மட்டும் கீழே போயிற்று, வாய் போகவில்லை. நோட்டை மூடினார். “ரெண்டு மாசம் முன்ன எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ள. சொந்தமா ஆறு வரி எழுதியிருக்கு. அடுத்த ஸ்கூல் யாரு?” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த டீச்சர், “ஒங்க கிளாஸ் பிள்ளையா? குடுத்து வச்சவங்க” என்றார்.

வெளியே வரும்போது அவர் நோட்டை என் கையில் கொடுத்தார், ஜெனிட்டா கையில் இல்லை. பஸ்ஸில் மிச்ச நாலு வரியை வாசித்தேன். அப்படியே எழுதுகிறேன்.

*டீச்சர் நோட்டில் என் பேர் இருக்கு. எனக்கு இனிசல் இருக்கு. கவினுக்கு இனிசல் இல்லை. அதைப் பார்த்துதான் நான் என் பேர் எழுதப் படிச்சேன்.*

ஜெனிட்டா என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். எட்டயபுரத்துக்குப் பிரியும் விலக்கு தாண்டியதும் கேட்டேன்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்ல வந்தேன் டீச்சர். தலைவலின்னீங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னீங்க.” பிறகு, “சந்தோஷமா எழுதியிருக்கா டீச்சர். மத்த பிள்ளைகளுக்கு இல்ல, தனக்கு இருக்குனு. அத அழின்னு எப்படிச் சொல்லன்னு எனக்குத் தெரியல” என்றாள்.

வழக்கம்போல, தெரியவில்லை என்று சொல்கிறாள். எனக்குத்தான் அந்த வார்த்தை வருவதில்லை.

கோபம் கோபமாக வருகிறது. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் ஆயுசுக்கும் அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இதிலும் அவளே ஜெயித்துவிட்டாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ரப்பர் எங்கே என்று நான் தேடுவதைப் பார்த்து வீட்டுக்காரர் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். முதல் தடவையாக அவர் கேலி பண்ணவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

அழிக்கலாம். ஒன்பதையும் அழிக்க ஒரு நிமிடம். பென்சில் போய்விடும், அழுத்தி எழுதிய தடம் போகாது. போனாலும் ஹரிணி நோட்டில் இருப்பது போகாது. இந்த வருடம் மட்டுமா? இருபத்து நாலு வருடத்தில் எத்தனை நோட்டு, எத்தனை மெ. அதில் எத்தனை பிள்ளைகள் எனக்கு நோட்டுச் சுமந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எண்ணவில்லை.

ரப்பரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

நோட்டு மேசை. என் முறை வந்தது.

என் மதிப்பெண் நோட்டை விரித்து வைத்தேன். “இந்த வாரம் நான் கொண்டு வந்த நோட்டு இதுதான்” என்றேன். ஜெனிட்டா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். “டீச்சர், வேண்டாமே” என்றாள். இந்த வேண்டாமை நான் போன தடவையும் கேட்கவில்லை, இந்தத் தடவையும் கேட்கவில்லை.

“கண்ணுல பட்டதச் சொல்லுங்க.”

ஹெச்.எம். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “பேரு இருக்கு. சில பேருக்கு முன்னால மெ-ன்னு இருக்கு. மெல்லக் கற்போருக்குப் போடுறதுதானே? நானும் தினமும் இதப் பாத்துத்தான் கையெழுத்துப் போடுதேன்.” சொல்லி முடித்ததும் அவரே கொஞ்சம் யோசித்தார். “நானும் போட்டவதான் டீச்சர்” என்றார்.

அதன்மேல் ஹரிணியின் நோட்டை வைத்தேன். இரண்டு மெ-யும் அடுத்தடுத்து இருந்தன. என் மெ அழகாக இருந்தது, அவள் மெ-க்குக் கொம்பு பெரிதாக இருந்தது. ஹெச்.எம். ஆறு வரியையும் மனதுக்குள் வாசித்தார். வாசித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். இந்தப் பாழாய்ப்போன மேசையில் திட்டக் கூடாது என்று சட்டம். பிச்சைக்கனி மட்டும், “அடுத்து என்ன செய்யலாம்னு நெனைக்கீங்க டீச்சர்?” என்று கேட்டார்.

“தெரியல சார்” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது எனக்கே உறைத்தது. அவரோடு இன்று ஒரு மணி பத்து நிமிடம் பேசினேன். ஜெனிட்டாவை விடப் பத்து நிமிடம் அதிகம்.

செப்டம்பர் 23, திங்கள்

மணி அடிப்பதற்கு முன்னால் ஹரிணியைக் கூப்பிட்டேன். நோட்டுக் கொண்டுபோகத்தான் என்று நினைத்துக் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்காரச் சொன்னேன். கீழே உட்காரப் போனாள், என் பெஞ்சில் என்றேன்.

“ஒங்க அப்பா பேரு என்ன?”

“மாடசாமி.”

“அதுல முதல் எழுத்து என்ன?”

வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். “மா.”

“அப்ப ஒனக்கு இனிஷியல் என்ன?”

ரொம்ப நேரம் யோசித்தாள். எனக்குப் பதில் நாக்கு நுனியில் நின்றது. இத்தனை வருடமும் சொல்லிக் கொடுத்துப் பழகிய நாக்கு. கடித்துக்கொண்டு இருந்தேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதல் சிரிப்பு கேட்டது.

“மா தான?” என்றாள். “ஆனா ஒங்க நோட்டுல மெ-ன்னு இருக்கே டீச்சர்.”

“டீச்சர் தப்பா எழுதிட்டேன்.”

டீச்சர் தப்பாக எழுதுவார் என்பதை நம்ப அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. சிலேட்டை எடுத்து ‘மா. முத்துஹரிணி’ என்று எழுதினாள். எழுதிவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மெ-யை விட்டுப் பிரிய மனமில்லை போல.

“அப்ப மெ யாரோட இனிசல் டீச்சர்?”

“என்னோடது.”

“ஒங்க அப்பா பேரு என்ன?”

அப்பா பெயர் சங்கரலிங்கம். அதை அவளிடம் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்ன கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதற்குள் மணி அடித்து என்னைக் காப்பாற்றியது.

சிலேட்டைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடினாள், “மிஸ், மிஸ், எனக்கு மா!” என்று கத்திக்கொண்டே, பக்கத்து அறைக்கு. வயிறு எரிந்தது. எரியட்டும் என்று மதிப்பெண் நோட்டை எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்க நானே நடந்தேன்.